மோரி வில்ஸுக்கு இன்னும் எத்தனை நாள் வாசலில் காத்திருப்பு?

கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமின் கிளாசிக் பேஸ்பால் எரா குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2027 டிசம்பரில் உங்களில் 16 பேர் ஓர் அறையில் கூடி, 1980-க்கு முந்தைய ஆட்டக்காரர்களில் யாருக்கு ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மண்டபத்தில், அந்தக் கூப்பர்ஸ்டவுன் சுவரில், இடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்யப் போகிறீர்கள். அதற்கு முன்னால் எட்டுப் பெயர்கள் கொண்ட பட்டியலை மூத்த விளையாட்டு எழுத்தாளர்கள் தயாரிப்பார்கள். இந்தக் கடிதம் இரண்டு தரப்பாருக்கும்தான். 1960-களில் டாட்ஜர்ஸ் அணிக்கு ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பாட்ட இடத்தில் ஆடிய மோரி வில்ஸின் பெயரை அந்த எட்டில் சேருங்கள். அறைக்குள் அந்தப் பெயர் வரும்போது அவருக்காக வாய் திறந்து பேசுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதைத் தமிழில் எழுதக் காரணம், மனதில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்கு வரும் மொழி இதுதான். யாராவது ஒருவர் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார் என்று நம்புகிறேன். பேஸ்பால் அதிகம் பார்க்காத தமிழர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வில்ஸ் அறிமுகமானது என் மகன் கேட்ட ஒரு கேள்வியால். டாட்ஜர்ஸ் ஆட்டம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, மாற்ற மைதானத்துக்குள் நடந்து வந்தார். முதுகில் 30 என்ற எண். "அப்பா, மேனேஜர் ஏன் 30 போட்டிருக்கார்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோதுதான் அது மோரி வில்ஸ் அணிந்த எண் என்றும், தனக்குக் கற்றுக்கொடுத்த ஆசானுக்கு மரியாதையாக ராபர்ட்ஸ் அதை அணிகிறார் என்றும் தெரிந்தது. அன்றிலிருந்து நானும் மகனும் வில்ஸைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறோம். அவர் இன்னும் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை என்று நான் சொன்னபோது மகன் நம்பவில்லை. தானே ஒருமுறை தேடிப் பார்த்தான்.

வில்ஸின் கலையை அருகில் போய்ப் பார்த்தால்தான் அவர் செய்தது புரியும். மைதானத்தின் நான்கு மூலைகளில் இருக்கும் பேஸ்களை வரிசையாகத் தொட்டு வந்தால் ஒரு ரன். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. யாரும் பந்தை அடிக்காமல், பிட்சர் பந்தை வீசுகிற அந்த நொடியைப் பிடித்து அந்த 90 அடியை ஓடிக் கடப்பதுதான் ஸ்டீல், அதாவது பேஸ் திருட்டு. பிட்சரின் கையிலிருந்து பந்து, எதிரே அதைப் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்சரிடம் போய், கேட்சர் எழுந்து அதை இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்க மூன்றரை நொடிகூட ஆகாது. ஓடுபவர் அதற்குள் சறுக்கி விழுந்து பேஸைத் தொட வேண்டும். வெறும் வேகம் இதற்குப் போதாது. முதல் பேஸிலிருந்து எத்தனை அடி விலகி நிற்கலாம், பிட்சர் திரும்பி எறிந்தால் பாய்ந்து உள்ளே போக முடியுமா, அவருடைய குதிகால் முதலில் அசைகிறதா தோள் முதலில் அசைகிறதா என்று ஒவ்வொரு பிட்சரையும் படித்து வைத்திருக்க வேண்டும். கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இந்தப் படபடப்பு கொஞ்சம் புரியும். கோட்டில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, அவர் உடம்பு எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று கணிப்போமே, அது மாதிரி.

வில்ஸ் ஆட வந்த காலத்தில் இந்தக் கலை ஏறக்குறைய செத்துக்கிடந்தது. எல்லாருக்கும் ஹோம் ரன் மோகம். 1950-ல், பெரிய லீக் இரண்டில் ஒன்றான அமெரிக்கன் லீக் முழுவதிலும் அதிகம் ஸ்டீல் செய்தவர் டாம் டிமாஜியோ. அவர் எண்ணிக்கை வெறும் 15. டாட்ஜர்ஸ் ஆடும் நேஷனல் லீகில் 1959-ல் முதலிடம் வில்லி மேஸுக்கு, 27. எதற்கு வீணாக அவுட் ஆக வேண்டும், அடுத்தவர் பந்தை வேலிக்கு வெளியே அடிக்கும்வரை காத்திருக்கலாமே என்ற எண்ணம்தான் எங்கும். அமெரிக்கன் லீகில் லூயிஸ் அப்பாரிசியோ 1956-லிருந்தே ஓட ஆரம்பித்திருந்தார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து நான் பறிக்கவில்லை. ஆனால் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தவர் அவர். கதவையே பெயர்த்து எடுத்தவர் வில்ஸ்.

வாஷிங்டன் நகரத்தில் 13 பிள்ளைகள் கொண்ட வீட்டில் 1932-ல் பிறந்தவர். அப்பா கடற்படைத் தளப் பட்டறையில் வேலை பார்த்தபடி தேவாலயத்தில் போதகராகவும் இருந்தார். சிறுவன் வில்ஸ் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் ஜெர்ரி பிரிடி அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர வந்திருக்கிறார். பையனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் சொல்லி ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொள் என்றாராம். வில்ஸ் வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்த கதை இது. உனக்குத் திறமை இருக்கிறது என்று பெரிய ஆட்டக்காரர் ஒருவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் அத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் அவர் காத்திருந்தது கொஞ்ச நஞ்சமல்ல. 1950-ல் டாட்ஜர்ஸ் ஒப்பந்தம். பெரிய லீகில் முதல் ஆட்டம் 1959 ஜூன் 6. இடையில் எட்டரை வருடத்துக்கு மேல் சின்ன லீகுகளில் ஊர் ஊராகப் பேருந்துப் பயணம். 1959-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் அவரை 35,000 டாலருக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகள் விற்கும் டாப்ஸ் நிறுவனம், இவர் தேறமாட்டார் என்று முடிவு கட்டி ஒப்பந்தம் போடவில்லை. டாப்ஸின் வழக்கமான அட்டை வரிசையில் அவர் படம் 1967-ல்தான் வந்தது. அதற்குள் அவர் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

சின்ன லீகின் ஸ்போகேன் அணியில் மேலாளர் பாபி பிராகன் அவருக்கு இடது பக்கம் நின்றும் பந்தடிக்கக் கற்றுக்கொடுத்தார். வலது கை ஆட்டக்காரர் 25, 26 வயதில் பழக்கத்தை மாற்றிக்கொள்வது லேசான காரியமில்லை. ஆனால் இடது பக்கம் நிற்பவருக்கு முதல் பேஸ் இரண்டு அடி பக்கம். வில்ஸுக்கு அந்த இரண்டு அடி போதும்.

சரி, 1962-க்கு வருகிறேன். உங்களிடம் நான் மன்றாடுவது முக்கியமாக இந்த ஒரு வருடத்துக்காகத்தான்.

அந்த வருடம் அவர் செய்த ஸ்டீல் 104. மாட்டிக்கொண்டது 13 முறை. 1915-லிருந்து அசையாமல் நின்ற டை காப்பின் 96 என்ற சாதனை உடைந்தது. காப் அந்த 96-க்காக 38 முறை அவுட் ஆனவர் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1962-ல் வேறு எந்த அணியும், ஆமாம், முழு அணியாகச் சேர்ந்தும், வில்ஸ் அளவுக்குத் திருடவில்லை. டாட்ஜர்ஸ் ஆடிய 165 ஆட்டத்திலும் ஆடினார். பந்தை அடித்துப் பேஸ் சேர்ந்த ஹிட் 208, ரன் 130. லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் வில்லி மேஸை 209-க்கு 202 என்று முந்தினார். மேஸ் அந்த வருடம் 49 ஹோம் ரன் அடித்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

ஒவ்வொரு சறுக்கலுக்கும் தொடையிலும் இடுப்பிலும் தோல் உரியும். நேற்று உரிந்த இடம் ஆறுவதற்குள் இன்று மறுபடி அதே இடத்தில் விழ வேண்டும். என் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். ஒரே ஒரு முறை சறுக்கி விழுந்து வந்தவனுக்கு இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது. இரண்டு நாள் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மருந்து போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "வில்ஸுக்கு இது 100 தடவைக்கு மேலப்பா" என்றான்.

எதிரணிகள் அவருக்கு எவ்வளவு பயந்தன என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவே சாட்சி. ஆகஸ்ட் 10 அன்று கேண்டில்ஸ்டிக் பார்க்கில் ஜயன்ட்ஸோடு ஆட்டம். முதல் பேஸ் பக்கத்தில், வில்ஸ் காலூன்றிக் கிளம்பும் இடத்து மண்ணைத் தோண்டி, மணலும் மக்கிய பாசி மண்ணும் கலந்து, மேலே தண்ணீர் விட்டு வைத்திருந்தார் மைதானப் பணியாளர் மாட்டி ஷ்வாப். நடுவர் அதை அப்புறப்படுத்தச் சொல்ல, தள்ளுவண்டியில் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து கொட்டியது இன்னும் பொலபொலவென்று இருந்ததாம். அந்த மூன்று ஆட்டத்தையும் ஜயன்ட்ஸ் ஜெயித்தது. சீசன் முடிவில் இரண்டு அணியும் சமம். கூடுதலாக ஆடிய மூன்று ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் முந்திப்போனது. வில்ஸின் 104-வது ஸ்டீல் அந்தக் கடைசி ஆட்டத்தில்தான். இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரில் கிடைத்த பணத்தில் ஷ்வாபுக்கும் முழுப் பங்கு கொடுக்க ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர்கள் வாக்களித்தார்கள். ஒரு மனிதனின் கால்களுக்காக மைதானத்தையே மாற்ற வேண்டியிருந்திருக்கிறது. ஹோம் ரன் அடிக்கிறவனுக்காக வேலியைத் தள்ளிப் போடலாம். ஓடுகிறவனுக்காக மண்ணைச் சேறாக்கினார்கள். இதற்கு மேல் என்ன நற்சான்று வேண்டும்?

அதே வருடம் ஜூலை 10-ல், இரண்டு லீகின் சிறந்த ஆட்டக்காரர்களும் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டம், அவர் பிறந்த வாஷிங்டனில். முதல் பந்தை எறிந்து தொடங்கி வைத்தவர் ஜனாதிபதி கென்னடி. முந்தின இரவு பெற்றோர் வீட்டில் தங்கிய வில்ஸ், அணிப் பேருந்தில் வராமல் தனியாக மைதானத்துக்கு வந்தார். வாசல் காவலர் உள்ளே விடவில்லை. அந்த ஒல்லி மனிதரை ஆட்டக்காரர் என்று அவரால் நம்ப முடியவில்லை. எப்படியோ உள்ளே போன வில்ஸ், ஆறாவது இன்னிங்ஸில் ஸ்டான் மியூசியலுக்குப் பதிலாக ஓட இறங்கினார். இரண்டாம் பேஸைத் திருடினார், ரன் எடுத்தார். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ஹிட் அடித்து முதல் பேஸில் நின்றார். அடுத்தவர் இடது பக்கம் அடித்த சாதாரண சிங்கிளுக்கு இரண்டாம் பேஸோடு நிற்காமல் மூன்றாவதுக்குப் பாய்ந்தார். அடுத்து மேலே எழுந்து பிடிபட்ட ஒரு பந்தில் ஹோம் பேஸுக்கு ஓடி வந்து ரன் எடுத்தார். நேஷனல் லீகுக்கு 3-1 வெற்றி. ஆல் ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று விருது தர ஆரம்பித்தது அன்றுதான். அதை முதலில் வாங்கியவர் வில்ஸ். திரும்பும்போது அந்தக் கோப்பையைக் காவலரிடம் காட்டியிருக்கிறார். அப்போதும் அந்தக் காவலர் நம்பவில்லை என்று வில்ஸ் சொல்வார்.

இனி, அவருக்கு எதிராக அந்த அறையில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். 14 சீசனில் 20 ஹோம் ரன்தான். பேட்டிங் சராசரி .281 என்றாலும், தவறாக வீசப்பட்ட நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்கு இலவசமாகப் போகும் வாக் எண்ணிக்கை குறைவு. இன்றைய புள்ளிவிவர முறைகள் அவருக்குப் பெரிய மதிப்பெண் தருவதில்லை. இவை உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒவ்வொரு ஆட்டக்காரரையும் தனித்தனியாக நிறுத்தி எடை போடுகிறது. முதல் பேஸில் வில்ஸ் நிற்கும்போது பிட்சரின் கவனம் பாதி சிதறுகிறது. வளைந்து போகிற பந்தை வீசத் தயங்கி அவர் நேர்ப்பந்தாக வீசுகிறார், ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் பேஸ் பக்கம் நகர்ந்து ஓட்டை விடுகிறார், அடுத்து ஆடுபவருக்கு அதனால் ஒரு ஹிட் கிடைக்கிறது. அந்த ஹிட் யார் கணக்கில் போகிறது?

1965 டாட்ஜர்ஸைப் பாருங்கள். அணி முழுவதும் அடித்த ஹோம் ரன் 78. அணியின் சராசரி .245. இப்படி ஓர் அணி 97 ஆட்டம் ஜெயித்து உலகத் தொடரையும் வென்றது. கோஃபாக்ஸும் டிரைஸ்டேலும் பந்து வீசினார்கள் என்பது பாதிக் கதை. மீதிப் பாதி, அந்த வருடம் 94 ஸ்டீல் செய்த வில்ஸ். உலகத் தொடரில் மட்டும் அவருக்கு 11 ஹிட். அவர் ஆட்டம் அணி முழுவதற்கும் தொற்றியிருந்தது. செப்டம்பர் 9 அன்று ஒருவரையும் பேஸுக்கு விடாமல் கோஃபாக்ஸ் முழு ஆட்டத்தையும் முடித்தாரே, அந்த 1-0 ஆட்டத்தில் டாட்ஜர்ஸுக்கு ரன் எப்படி வந்தது? லூ ஜான்சன் வாக்கில் முதல் பேஸ் போனார். அடுத்தவர் மெல்லத் தட்டிவிட்ட பன்ட்டில் இரண்டாவது. மூன்றாவதைத் திருட ஓடினார். பதறிய கேட்சர் பந்தை எங்கோ எறிந்தார். ஒரு ஹிட்கூட இல்லாமல் ஒரு ரன். ஓடியவர் ஜான்சன், ஓட்டம் வில்ஸுடைய பாடம்.

அடுத்து, மேலாளராக அவர் சியாட்டிலில் தோற்றதைச் சொல்வீர்கள். 26 வெற்றி, 56 தோல்வி. 1981-ல் பந்தடிக்கும் கட்டத்தை ஓர் அடி நீளமாக வரையச் சொல்லி மாட்டிக்கொண்டு இரண்டு ஆட்டத் தடையும் 500 டாலர் அபராதமும் வாங்கினார். செய்தது தப்புதான். அப்புறம் போதைப் பழக்கம். அந்த வருடங்கள் அவர் வாழ்க்கையில் மிகவும் இருண்டவை. அவரே எழுதியும் பேசியும் ஒப்புக்கொண்டிருக்கிறார். டாட்ஜர்ஸின் பழைய பிட்சர் டான் நியூகோம்பின் கையைப் பிடித்து அதிலிருந்து வெளியே வந்தார். இதற்காகத்தான் வெளியே நிற்க வைத்திருக்கிறோம் என்று நீங்கள் சொல்ல முடியாது. ஏனென்றால் அதே பழக்கத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட டிம் ரெயின்ஸுக்கு 2017-ல் இடம் கிடைத்தது. அது சரியான முடிவு. அந்தச் சரியை வில்ஸுக்கும் செய்யுங்கள். ஹால் ஆஃப் ஃபேமுக்கான எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் 1981 ஜனவரியில் அவருக்கு 40.6 சதவீதம் கிடைத்தது. சியாட்டில் தோல்விக்குப் பிறகு, அடுத்த வருடமே அது கிட்டத்தட்ட பாதியானது. மைதானத்தில் அவர் எடுத்த ரன் ஒன்றுகூட இடையில் குறைந்திருக்கவில்லை.

அவர் திறந்த வழியாக வந்தவர்கள் எல்லாம் உங்கள் சுவரில் இருக்கிறார்கள். 1974-ல் 118 எடுத்து வில்ஸின் சாதனையை முறியடித்த லூ பிராக் 1985-ல் உள்ளே வந்தார். 1982-ல் 130 எடுத்த ரிக்கி ஹெண்டர்சன் 2009-ல். வில்ஸைவிட ஸ்டீல் எண்ணிக்கை குறைவான அப்பாரிசியோ, 506-க்கு 586, 1984-லேயே வந்துவிட்டார். அப்பாரிசியோவின் தடுப்பாட்டம் வில்ஸைவிட மேல், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பேஸ் திருட்டின் கதையைச் சொல்லும் அந்தச் சுவரில் காப் இருக்கிறார், பிராக் இருக்கிறார், இருவருக்கும் நடுவில் நின்றவரைத்தான் காணோம்.

களவும் கற்று மற என்பது எங்கள் பழமொழி. வில்ஸ் கற்றதை மறக்கவில்லை, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். டாட்ஜர்ஸின் வெரோ பீச் பயிற்சி மைதானத்தில் அவர் இளைஞர்களுக்குப் பன்ட் அடிக்கச் சொல்லிக்கொடுத்த மூலைக்கு அவர் பெயரே வந்துவிட்டது. அங்கே படித்தவர்தான் டேவ் ராபர்ட்ஸ். என்றைக்காவது ஒரு நாள், நீ ஓடப்போகிறாய் என்று மைதானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும், அன்றைக்கும் நீ ஓடியாக வேண்டும், பயப்படாதே என்று வில்ஸ் அவரிடம் சொல்லி வைத்திருந்தார். 2004 அக்டோபர் 17 இரவு அந்த நாள் வந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ், யாங்கீஸிடம் தொடரில் 3-0 என்று பின்தங்கி, நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் குறைவாக நிற்கிறது. முதல் பேஸில் பதிலாள் ஓட்டக்காரராக ராபர்ட்ஸ். யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா மூன்று முறை திரும்பி முதல் பேஸுக்கு எறிந்தார். அடுத்து பந்தடிப்பவரை நோக்கி வீசிய முதல் பந்துக்கே ராபர்ட்ஸ் கிளம்பிவிட்டார். நூலிழையில் தப்பினார். பிறகு அவர் எடுத்த ரன்னில் ஆட்டம் சமமானது, அந்தத் தொடர் திரும்பியது, 86 வருடத்துக்குப் பிறகு பாஸ்டன் உலகத் தொடரை வென்றது. அங்கே நிற்கும்போது வில்ஸ் சொன்னது காதில் கேட்டது என்று ராபர்ட்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வில்ஸ் 2022 செப்டம்பர் 19-ல், 89 வயதில், அரிசோனாவின் செடோனாவில் காலமானார். அதற்குப் பத்து நாள் முன்புதான் பேஸ்களின் அளவைப் பெரிதாக்கவும், பிட்சர் திரும்பித் திரும்பி எறிவதைக் கட்டுப்படுத்தவும் லீக் முடிவெடுத்திருந்தது. ஸ்டீல் மறுபடி வர வேண்டும், ரசிகர்கள் அதைத்தான் பார்க்க விரும்புகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்த வருடம் 2,486 ஆக இருந்த மொத்த ஸ்டீல், அடுத்த வருடம் 3,503 ஆனது. விதியை மாற்றி வரவழைக்க வேண்டிய ஒன்றை, அந்த மனிதர் சேற்றுமண்ணில் நின்று தனியாக வரவழைத்திருந்தார்.

கடைசியாக ஒரு கணக்கு. 2014 டிசம்பரில் உங்களைப் போன்ற 16 பேர் கூடியபோது 12 வாக்கு தேவைப்பட்டது. டிக் ஆலனுக்கும் டோனி ஒலிவாவுக்கும் 11, ஜிம் காட்டுக்கு 10, வில்ஸுக்கு 9, மின்னி மின்யோசோவுக்கு 8. கில் ஹாட்ஜஸுக்கு மூன்றோ அதற்கும் குறைவோ. இன்று அந்த வரிசையில் வில்ஸுக்கு மேலே இருந்த மூவரும் உள்ளே. கீழே இருந்த இருவரும் உள்ளே. நடுவில் இருந்தவர் மட்டும் வெளியே. 2021-ல் அவர் வாக்கு மூன்று அல்லது அதற்கும் கீழே இறங்கியது. 2024 பட்டியலில் பெயரே இல்லை. இப்போது புது விதி வேறு வந்திருக்கிறது: ஐந்து வாக்குக்கும் குறைவாக வாங்கினால் அடுத்த சுற்றில் சேர்க்க மாட்டீர்கள். ஆகவே பேருக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அறைக்குள் யாரும் வாய் திறக்காமல் விட்டால், அது சேர்க்காததைவிட மோசமாக முடியும்.

டிக் ஆலன் 2020-ல் இறந்தார். தேர்வானது 2024-ல். 2025 ஜூலையில் கூப்பர்ஸ்டவுன் மேடையில் அவருக்காகப் பேசியவர் அவர் மனைவி. வில்ஸும் இனி அந்த மேடைக்கு வரப்போவதில்லை. ஆனால் அவர் குடும்பம் இருக்கிறது. அவர் மகன் பம்ப் வில்ஸும் பெரிய லீகில் செகண்ட் பேஸ் ஆடியவர்தான். முதுகில் 30 போட்டுக்கொண்டு ராபர்ட்ஸ் இருக்கிறார். 2028 ஜூலையில் அந்தப் புல்வெளியில் நானும் என் மகனும் உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறோம். அப்போது அவனுக்கு 17 வயது ஆகியிருக்கும். இப்போதே பயணத்துக்குக் காசு சேர்க்க ஆரம்பித்திருக்கிறான்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
கலிபோர்னியாவிலிருந்து ஒரு டாட்ஜர்ஸ் ரசிகன்